வாசகர் கேள்வி பதில்: ஆர்மீனிய மொழியின் மூன்று ‘த’க்கள்

(ஆர்மீனிய மொழியின் ஒலிகளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நம் எழுத்தில் க, த, ப எல்லாம் ஒவ்வொன்றுதான் என்பதால், ஸ்லோகப் புத்தகங்களில் போடுவது போல மேலே ஒரு எண் போட்டிருக்கிறேன். எண் இல்லாவிட்டால் ‘தண்ணீர்’ என்பதில் வரும் சாதாரண த. த² என்றால் மூச்சு கலந்தது. த³ என்றால் ‘பந்து’ என்பதில் வருகிற மாதிரி அதிர்வுள்ளது.)

கே: ஆன்லைனில் ஆர்மீனிய மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ஆசிரியை ‘துர்’ என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, மூன்றும் மூன்று வேறு சொல் என்கிறார். எனக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்கிறது. என் காதில்தான் கோளாறா?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

ப: காதில் ஒரு கோளாறும் இல்லை, தமிழ்க் காது அப்படித்தான் பழகியிருக்கிறது. அவர் சொன்னது து³ர், துர், து²ர் என்று மூன்று சொற்கள். முதலாவது தச்சரின் உளி, இரண்டாவது ‘கொடு’, மூன்றாவது வாள். உளியைக் கேட்கப் போய் வாளைக் கேட்டுவிடக் கூடாது அல்லவா, அதனால்தான் ஆசிரியை இவ்வளவு வற்புறுத்துகிறார்.

கிழக்கு ஆர்மீனியத்தில் (ஆர்மீனியக் குடியரசில் பேசும் பொது வழக்கு) ப, த, க, த்ஸ, ச என்று ஐந்து இடங்களில் காற்று அடைபட்டு வெடிக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் மூன்று வகை என்பதால் மொத்தம் பதினைந்து மெய்கள். சமஸ்கிருதத்தில் நான்கு வகை உண்டு, க⁴ என்கிற நான்காவது இங்கே கிடையாது. இந்த மூன்றில் இரண்டு ஏற்கனவே உங்கள் வாயில் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். ‘தம்பி’ என்று சொல்லுங்கள்: தொடக்கத்தில் வருவது சுத்தமான, மூச்சில்லாத த. கடைசியில் வருவது பி³. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் சொல்லின் தொடக்கத்தில் இந்த மூச்சில்லாத ஒலியைச் சொல்வதற்குத் திண்டாடுவார்கள், நமக்கு அது பிறந்ததிலிருந்து வருகிறது.

புதிதாகக் கற்க வேண்டியது மூச்சு கலந்த வகை ஒன்றுதான். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘பார்’ (நடனம்) என்று சொல்லுங்கள், காகிதம் அசையவே கூடாது. அப்புறம் ‘போ²க்²ர்’ (சின்ன) என்று சொல்லுங்கள், காகிதம் துள்ள வேண்டும். பிறகு தொண்டையில் விரல் வைத்து ‘பா³ரி’ (நல்ல) என்று சொன்னால், உதடு திறப்பதற்கு முன்பே விரலில் அதிர்வு தெரியும். ‘ப்’ சொல்லி அப்புறம் தனியாக ‘ஹ’ சேர்ப்பது தவறு, உதடு திறக்கும்போதே மூச்சும் கூடவே போக வேண்டும்.

உண்மையான சிக்கல் சொல்லின் நடுவில் இருக்கிறது. நம் மொழியில் ப, த, க உயிரெழுத்துகளுக்கு நடுவில் வந்தால் தானாகவே இளகிவிடும், நாம் அதை யோசிப்பதே இல்லை. ஆர்மீனியத்தில் தாத்தாவுக்கு ‘பாபிக்’, பாட்டிக்கு ‘தாதிக்’. தமிழர் யாரிடம் கொடுத்தாலும் ‘பாபி³க்’, ‘தாதி³க்’ என்றுதான் படிப்பார்கள். ‘பாப்பா’வில் வருகிற ப்ப-வை நினைத்துக்கொண்டு, ஆனால் இரட்டிக்காமல், பாதி நேரத்தில் விட்டுவிடுங்கள். அந்த ஒலி சரியாக வந்துவிடும். ஒரு வாரம் இந்த இரண்டு சொற்களை மட்டுமே சொல்லிப் பழகினாலும் போதும் என்பேன்.

இன்னொன்று, ஆர்மீனியத் தலைநகர் யெரெவான் பக்கத்துச் சிலரின் பேச்சிலும் சில வட்டார வழக்குகளிலும் இந்த மூச்சில்லாத ஒலி தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறந்தது போலச் சற்று ‘டக்’கென்று கேட்கும். பக்கத்து நாடான ஜார்ஜியாவின் மொழியில் அதுதான் முறையான உச்சரிப்பு. யாராவது அப்படிப் பேசிக் கேட்டால் நான்காவது வகை என்று குழம்ப வேண்டாம், அது அதே சாதாரண ப, த, க தான்.

கே: ஒரே ஆர்மீனியப் பெயரை ஒரு புத்தகத்தில் பெத்ரோஸ் என்றும் இன்னொன்றில் பெ³த்³ரோஸ் என்றும் பார்க்கிறேன். அதேபோல கி³ரிகோ³ர், கி²ரிகோ²ர். எது சரி?
– செஸ் ரசிகர், திருச்சி

ப: இரண்டும் சரி. எழுத்தும் ஒன்று, பெயரும் ஒன்று, வாய்தான் வேறு. ஆர்மீனியத்துக்கு இன்று இரண்டு பொது வழக்குகள் இருக்கின்றன. ஆர்மீனியக் குடியரசிலும் ஈரானிலும் ரஷ்யாவிலும் பேசுவது பெரும்பாலும் கிழக்கு வழக்கு. ஆட்டோமான் பேரரசில் இஸ்தான்புல்லிலும் அனத்தோலியாவிலும் வாழ்ந்தவர்களுடையது மேற்கு வழக்கு. 1915-இல் தொடங்கிய இனப்படுகொலையில் தப்பியவர்கள் பெய்ரூட், அலெப்போ, பிரான்ஸ், அமெரிக்கா, அர்ஜென்டினா என்று சிதறிப்போய் அந்த வழக்கையும் கூடவே எடுத்துப் போனார்கள்.

மேற்கு வழக்கில் மூன்று வகை இரண்டாகக் குறைந்துவிட்டது. எப்படிக் குறைந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கிழக்கில் ப³ ஆக இருப்பது மேற்கில் மூச்சுடன் ப² ஆகிவிட்டது. கிழக்கில் சாதாரண ப ஆக இருப்பது மேற்கில் அதிர்வுள்ள ப³ ஆகிவிட்டது. ப² மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. த, க, த்ஸ, ச எல்லாவற்றிலும் இதே கதைதான். அதனால் கிழக்கின் கராபெத் மேற்கில் க³ராபெ³த்³, திக்³ரான் மேற்கில் தி³க்²ரான். பெயரோடு நின்றால் பரவாயில்லை. கிழக்கில் ‘கி³ன்’ என்றால் விலை, ‘கின்’ என்றால் பெண். மேற்குக்காரர் பெண்ணைச் சொல்லும்போது ‘கி³ன்’ என்கிறார், விலைக்கு ‘கி²ன்’ என்கிறார். பெய்ரூட்டிலிருந்து வந்தவர் யெரெவான் கடையில் பேசும்போது முதல் சில நாட்கள் இரண்டு பக்கமும் காதைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும், அப்புறம் பழகிவிடும்.

மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் கி.பி. 405 வாக்கில் இந்த எழுத்துகளை அமைத்தபோது 36 எழுத்துகள். மூன்று வகைக்கும் மூன்று தனி எழுத்து கொடுத்தார். பின்னால் இடைக்காலத்தில் இன்னும் இரண்டு எழுத்துகள் சேர்ந்து 38 ஆயின. மேற்கு வழக்கில் ஒலி இரண்டாகக் குறைந்த பிறகும் எழுத்து மூன்றாகவே நிற்கிறது. ஆகவே பாரிசிலோ லாஸ் ஏஞ்சல்ஸிலோ வளரும் ஒரு மேற்கு ஆர்மீனியக் குழந்தை, ஒரே மாதிரிக் கேட்கும் ஒலிக்கு எந்தச் சொல்லில் எந்த எழுத்து என்று மனப்பாடம் செய்தே ஆக வேண்டும், நம் பிள்ளைகள் ர-ற, ல-ள எழுத்துப்பிழைக்கு அடி வாங்கியது மாதிரி. யுனெஸ்கோ மேற்கு ஆர்மீனியத்தை அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் மொழிகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தி இந்த எழுத்துகளைக் கற்றுக்கொடுக்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

நீங்கள் செஸ் ரசிகர் என்பதால் ஒரு வேண்டுகோள். 1963 முதல் 1969 வரை உலக சாம்பியனாக இருந்தவரை நம் பத்திரிகைகள் ‘டிக்ரான் பெட்ரோசியன்’ என்று எழுதுகின்றன. ஆங்கில எழுத்தைப் பார்த்து ட போடுகிற பழக்கம் இது. ஆர்மீனியத்தில் ட-வே கிடையாது, நாக்கு மேல் பல்லின் பின்புறம்தான் படும், நம் த மாதிரியே. ‘திக்ரான் பெத்ரோஸ்யான்’ என்று எழுதினால் ஆங்கிலத்தை விட நாம் அவர் ஊருக்குப் பக்கத்தில் போய்விடுவோம். எண் போடாத நம் த, கிழக்குக்கும் பொருந்தும், மேற்குக்கும் பொருந்தும். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடின் பொதுப் பிரிவில் ஆர்மீனிய அணி வெள்ளி வென்றது. அவ்வளவு தூரம் வந்து ஆடிப் போனவர்களின் பெயரை நம் எழுத்தில் சரியாக எழுத நம்மால் முடியும், முடிகிறதைச் செய்யாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

கே: தமிழில் ர, ற இருப்பது போல அங்கேயும் இரண்டு உண்டாமே? ழ உண்டா?
– தமிழாசிரியர், நாகர்கோவில்

ப: உண்டு ஐயா. உங்கள் ஊர்க்காரருக்கு இது விளக்கவே வேண்டாம், ‘மரம்’, ‘மறம்’ என்று இன்னும் வித்தியாசம் காட்டிப் பேசுகிறவர்கள் உங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். ஆர்மீனியத்தில் ஒன்று நாக்கு ஒரு தட்டுத் தட்டி விடுகிற ர. மற்றது பல தடவை உருள்கிற ற. ‘தார்’ என்றால் ‘எடுத்துப் போ’, ‘தாற்’ என்பது போல உருட்டிச் சொன்னால் ‘எழுத்து’, அதாவது அகரவரிசையில் வரும் எழுத்து. இந்த இரண்டுக்கும் மாஷ்தோத்ஸ் தனித்தனி எழுத்து கொடுத்தார். மேற்கு வழக்கில் பெரும்பாலோர் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, சென்னையில் ஆனது மாதிரி.

ழ என்று பொது ஆர்மீனியத்தில் எதுவும் இல்லை. ஆனால் தெஹ்ரான், இஸ்ஃபஹான் ஆர்மீனியர்கள் அந்தத் தட்டு ர-வைத் தட்டாமலேயே சொல்கிறார்கள். நாக்கு நுனி மேலே போகிறது, லேசாகப் பின்னால் வளைகிறது, எங்கேயும் ஒட்டுவதில்லை. கேட்டுப் பாருங்கள், நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கும். ழ-வுக்கு உலகில் உறவே இல்லை என்று மேடையில் சொல்கிறவர்கள் இஸ்ஃபஹான் ஆர்மீனியர் ஒருவரின் பேச்சை ஒரு தடவையாவது கேட்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. ஆங்கில எழுத்தில் ஆர்மீனியப் பெயர்களில் ‘இசட், எச்’ சேர்ந்து வந்தால் அது ழ இல்லை. ‘ஷ’ சொல்லும்போது தொண்டையையும் அதிர விட்டால் வரும் ஒலி அது, பிரெஞ்சுக்காரர்கள் ‘ஜ’ எழுத்துக்குச் சொல்வது. நாம் தமிழ் என்பதை ஆங்கிலத்தில் எழுத அதே இரண்டு எழுத்தைப் போடுவதால் நிறையப் பேர் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

கே: பைபிளில் வரும் லூக்கா ஆர்மீனியத்தில் ‘குக்காஸ்’ ஆகிவிடுகிறாரே, ல எப்படி க ஆனது?
– வாசகர், பாளையங்கோட்டை

ப: அது க இல்லை. அடிநாக்கும் உள்நாக்கும் உரசி, தொண்டையும் அதிர்ந்து வருகிற ஒலி. அரபு எழுத்துகளில் ‘ஃகைன்’ என்று ஒன்று இருக்கிறது. குர்ஆன் ஓதப் பழகிய நம்மூர் முஸ்லிம் நண்பர்கள் யாரிடமாவது கேளுங்கள், உடனே சொல்லிக் காட்டுவார்கள். அதற்கு இணையான அதிர்வில்லாத ‘ஃகா’வும் ஆர்மீனியத்தில் தனி எழுத்தாக இருக்கிறது.

மாஷ்தோத்ஸ் காலத்தில் இது ல தான், ஆனால் சாதாரண ல இல்லை. ஆங்கிலத்தில் ‘பால்’ (பந்து) என்று சொல்லும்போது கடைசியில் நாக்கின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு கனமாக வரும் ல, அந்த மாதிரி. மெல்லிய ல-வுக்கு அவர் வேறு எழுத்து வைத்தார். கிரேக்கப் பெயர்களில் இருந்த ல-வை எழுதப் பெரும்பாலும் இந்தக் கனத்த ல-வையே பயன்படுத்தினார்கள். பின்னர் வந்த நூற்றாண்டுகளில் நாக்கு நுனி மேலே ஒட்டுவதை விட்டுவிட்டது, பின்பக்க உரசல் மட்டும் மிச்சமானது. அதனால் லூக்கா ‘ஃகுகாஸ்’, லாசரு ‘ஃகஸார்’, பவுல் ‘போஃகோஸ்’ (மேற்கில் போ³ஃகோஸ்). எந்தப் பெயர் பழைய காலத்திலேயே கிரேக்கத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க இந்த ஒலி நல்ல அடையாளம்.

கே: ம்க்ர்திச் என்று ஒரு பெயர். உயிரெழுத்தே இல்லாமல் எப்படிச் சொல்கிறார்கள்?
– வாசகி, ஈரோடு

ப: சொல்வதில்லை, எழுதுவதில் மட்டும்தான் உயிர் இல்லை. வாயில் ‘மெகெர்திச்²’ என்று வரும், அந்த ‘எ’ முழு எகரம் இல்லை, பாதி விழுங்கிய ஓர் உயிர். நம் ‘காசு’, ‘பாட்டு’ கடைசியில் உதடு குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். இந்த உயிருக்கு ஆர்மீனியத்தில் எழுத்து இல்லாமல் இல்லை, அகரவரிசையில் எட்டாவதாகவே இருக்கிறது. ஆனால் சொல்லின் நடுவில் மெய்கள் குவிந்தால் அது தானாக வந்துவிடும் என்பதால் பெரும்பாலும் எழுதுவதில்லை. ‘எழுது’ என்கிற வினையே ‘க்³ரெல்’ என்று எழுதப்பட்டு ‘கெ³ரெல்’ என்று ஒலிக்கிறது. மேலே சொன்ன பெயருக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர் என்று பொருள்.

கே: ‘மார்த்³’ என்றால் மனிதன் என்று அகராதி சொல்கிறது. ஆனால் யெரெவான்காரர் ‘மார்த்²’ என்கிறார். அவர் மேற்கு வழக்கா?
– கும்பகோணம் மாணவியின் வகுப்புத் தோழி

ப: இல்லை, கிழக்கிலும் இப்படித்தான். சொல்லின் தொடக்கத்தில் அதிர்வுள்ள எழுத்து அப்படியே ஒலிக்கும். ர-வுக்குப் பின்னால் வந்தால் பல சொற்களில் மூச்சு கலந்துவிடும், சில சொற்களில் உயிருக்குப் பின்னாலும் அப்படி ஆகும். சார்கி³ஸ் என்று எழுதி சார்கி²ஸ் என்கிறார்கள், ஹாகோப்³ என்று எழுதி ஹாகோப்² என்கிறார்கள். எல்லாச் சொல்லிலும் நடப்பதில்லை, அதனால் சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ‘எழுதியிருப்பது போலப் படி’ என்று யாராவது சொன்னால் இந்த இடத்தில் கேட்காதீர்கள்.

கே: சென்னை ஆர்மீனியர்கள் எந்த வழக்கு பேசினார்கள்?
– ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், சைதாப்பேட்டை

ப: சென்னைக்கு வந்த வணிகர்களில் பெரும்பாலோர் ஈரானில் இஸ்ஃபஹானை ஒட்டிய புதிய ஜுல்ஃபாவைச் சேர்ந்தவர்கள், அந்த ஊர்ப் பேச்சு கிழக்கு வகைதான். உங்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் பாலம் கட்டிக் கொடுத்தவர் அவர்களில் ஒருவர்தான், கோஜா பெத்ரூஸ் உஸ்கான். அவர் பெயரின் பிற்பாதி ஆர்மீனியத்தில் ‘வோஸ்கான்’. சொல்லின் தொடக்கத்தில் அந்த ‘ஒ’ எழுத்து வந்தால் பெரும்பாலும் ‘வோ’ என்று ஒலிக்கும். அவர் கட்டிய பாலத்தின் இடத்தில்தான் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது.

ஜார்ஜ் டவுனில் அவர்கள் தேவாலயம் உள்ள தெருவுக்கு நம் மக்கள் வாயில் அரண்மனைக்காரன் தெரு என்று பெயர். உலகிலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை வெளிவந்ததும் சென்னையில்தான், 1794-இல், ஹாருத்யுன் ஷ்மாவோன்யான் என்கிற பாதிரியார் தொடங்கிய ‘அஸ்தரார்’. தமிழில் அப்படித்தான் எழுத முடிகிறது, ஆனால் அந்த ஸ அதிர்வுள்ளது, தேனீ ரீங்கரிக்கும் ஒலி, அடுத்து வருவது த³. மேற்குக்காரர் வாயில் அதே பெயரில் த² வரும். யெரெவானிலோ பெய்ரூட்டிலோ பதிப்பு வேலை தொடங்குவதற்கு வெகு முன்பே அந்த எழுத்துகள் நம் ஊரில் அச்சாகிவிட்டன என்பதைச் சென்னைப் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கே: ஆர்மீனியம் சமஸ்கிருதம், கிரேக்கத்துக்கு உறவு என்கிறார்கள். எண்களைக் கேட்டால் அப்படித் தெரியவில்லையே?
– வாசகர், பெங்களூரு

ப: கர்நாடகத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், அதனால் உங்களுக்கு எளிது. நம் பால் கன்னடத்தில் ஹாலு, பத்து அங்கே ஹத்து. ஆர்மீனியத்திலும் சொல்லின் தொடக்கத்துப் ப இதே வழியில் போயிருக்கிறது. சமஸ்கிருதத்தில் பஞ்ச, ஆர்மீனியத்தில் ‘ஹிங்க்³’. பிதாவுக்கு ‘ஹாய்ர்’. த³ச என்பதன் த³ அங்கே இறுகி ‘தாஸ்’ ஆனது, பத்து என்று பொருள். துவாரம் என்கிறோமே, அதன் உறவு ‘து³ற்’, கதவு. இரண்டுக்கு ‘யெர்கு’, சமஸ்கிருத ‘த்³வ’-வோடு சேர்த்துப் பார்த்தால் ஒட்டே தெரியாது, ஆனால் பழைய ‘த்³வ’ ஆர்மீனியத்தில் ‘ர்க்’ ஆனதுக்கு வேறு சொற்களிலும் சாட்சி இருக்கிறது. இப்படி முகம் மாறிப்போனதாலும், ஈரானிய மொழிகளிலிருந்து ஏராளமான சொற்களை வாங்கிக்கொண்டதாலும், ஆர்மீனியம் ஒரு ஈரானிய மொழி என்றே அறிஞர்கள் நினைத்திருந்தார்கள். 1875-இல் ஹைன்ரிஷ் ஹியூப்ஷ்மான் என்கிற ஜெர்மானியர்தான் கடன் வாங்கிய சொற்களைத் தனியே பிரித்து, மிச்சமிருக்கும் ஒலி மாற்றங்களை வரிசைப்படுத்தி, இது தனிக்கிளை என்று நிறுவினார்.

கே: கடைசியாக ஒன்று. புதிதாகப் படிப்பவர் கிழக்கைப் படிப்பதா, மேற்கையா?
– கும்பகோணம் மாணவி

ப: யாரோடு பேசப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. யெரெவானில் மருத்துவம் படிக்க நம் நாட்டிலிருந்து நிறையப் பிள்ளைகள் போகிறார்கள், அவர்களுக்குக் கிழக்குதான். பாடப் புத்தகமும் ஒலிப்பதிவும் அதில்தான் அதிகம் கிடைக்கும். பெய்ரூட் குடும்பத்தில் சிநேகிதி இருந்தால் மேற்கு. எதுவானாலும் முதலில் மூன்று வகையையும் காதால் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். மூன்றைப் பிரித்தவருக்கு அப்புறம் இரண்டாகச் சேர்ப்பது ஒரு வார வேலை, இரண்டில் தொடங்கினவர் மூன்றுக்கு வர மாதக்கணக்காகும். ஆங்கில எழுத்தில் எழுதிய பாடத்தை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள், அதில் ப-வையும் ப²-வையும் பல சமயம் ஒரே எழுத்தால் எழுதிவிடுகிறார்கள். ஆர்மீனிய எழுத்தையே நேராகப் படியுங்கள், 38 எழுத்துதான், நம் 247-ஐப் படித்தவருக்கு அது பெரிய விஷயம் இல்லை.